நச்சு நீரும் நன்னீர் மீனும்

ஏரியிலோ ஆற்றிலோ மீன்கள் கூட்டமாகச் செத்து மிதக்கின்றன என்ற செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கின்றோம். ஊரார் ஆலைக் கழிவைக் காரணம் காட்டுவர். ஆலையார் வெயிலையும் நீர் வற்றிப்போனதையும் காரணம் காட்டுவர். இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். நீரில் கலந்த பொருள் எது, அது எவ்வளவு இருந்தால் மீனைக் கொல்லும் என்பது தெரிந்தாலொழிய அந்த வழக்குக்குத் தீர்ப்புக் கிடையாது. ‘எவ்வளவு’ என்னும் இந்தக் கேள்விக்கு விடை காண விலங்கியலார் கையாளும் முறையே குறுகிய கால நச்சுச் சோதனை ஆகும். நம் கல்லூரிகளில் விலங்கியல் முதுகலை மாணவர் பலர் ஆய்வேட்டுக்காகச் செய்வதும் இதுவே.

‘கண்ணாடித் தொட்டியில் மீனை விட்டு, மருந்தைக் கலந்து, செத்ததை எண்ணுவதுதானே?’ என்று பிற துறை நண்பர்கள் கேட்பதுண்டு. எண்ணுவது எளிதே. எண்ணிக் கண்ட விடைக்கு என்ன பொருள், அது எந்த நீருக்கு, எந்த மீனுக்கு, எத்தனை மணி நேரத்துக்குப் பொருந்தும் என்பதில்தான் சிக்கல் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த எண்ணை நம்பித்தான் ஒரு பூச்சிமருந்து வயலுக்கு வருகிறது. ஓர் ஆலையின் கழிவுநீர் ஆற்றில் இறங்குகிறது.

மீனைச் சோதனைக்குத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நிலத்தில் வாழும் விலங்கு நஞ்சைத் தின்னாமல் விலகிப் போகலாம். மீனுக்கு அந்த வசதி இல்லை. மூச்சு விடும் ஒவ்வொரு முறையும் அது நீரைச் செவுள்களின் மீது செலுத்தியாக வேண்டும். செவுளின் மெல்லிய படலத்துக்கு அப்பால் உடனே இரத்தம் ஓடுகிறது. ஆக்சிஜன் நுழையும் அதே வாயில் வழியாகவே நஞ்சும் நுழைகிறது.

இதை விளக்கிக் காட்டியவர்களுள் ஒருவர் கேத்லீன் கார்பென்ட்டர் அம்மையார். பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸில் ஈயச் சுரங்கங்களின் நீர் கலந்த ஆறுகளில் மீனே இல்லாதிருப்பதை அவர் ஆராய்ந்தார். மீன்களை ஈய உப்புக் கரைசலில் விட்டுப் பார்த்தார். மீன் சுரக்கும் கோழை உலோகத்தோடு சேர்ந்து கெட்டிப்பட்டுச் செவுளை மூடிக்கொள்கிறது. நீர் நிறைய ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுத் திணறிச் சாகிறது என்று 1927இல் எழுதினார்.

அதே 1927இல் டிரெவன் என்ற ஆங்கில அறிஞர், மருந்துகளின் வீரியத்தை விலங்குகளைக் கொண்டு அளப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு கூட்டத்தில் மிகவும் நலிந்த உயிர் எந்த அளவில் சாகும் என்பதும், மிகவும் வலியது எந்த அளவில் சாகும் என்பதும் முறைக்கு முறை மாறும். அவை ஒன்றிரண்டு விலங்குகளின் தற்செயலைப் பொறுத்தவை. ஆனால் கூட்டத்தில் பாதி சாகும் அளவு அவ்வளவாக மாறாது. ஆகவே அதையே அளவுகோலாகக் கொள்க என்றார் அவர். மீன் சோதனையில் வழங்கும் எல்.சி. 50 என்பதும் இந்தக் கருத்தில் பிறந்ததே. குறித்த மணி நேரத்தில் சோதனை மீன்களில் பாதியைக் கொல்லும் செறிவு என்பது அதன் பொருள். 1951இல் அமெரிக்காவில் டூடராஃப் முதலியோர் ஆலைக் கழிவுகளை மீன் கொண்டு சோதிக்கும் முறையை வகுத்தபோது இதையே ‘டி.எல்.எம்.’, அதாவது இடைநிலைத் தாங்கு எல்லை என்று குறித்தனர். நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டும் மாணவர்கள் இரண்டையும் வெவ்வேறு என்று மயங்க வேண்டாம். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1981இல் இச்சோதனைக்கு 203ஆம் எண் வழிமுறையை வெளியிட்டது. அது 1992லும் 2019லும் திருத்தப்பட்டது. இன்று பல நாடுகள் பின்பற்றுவது அதையே.

தொட்டிக்கு வருமுன்

சோதனையின் பெரும்பகுதி நஞ்சைக் கலப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பண்ணையிலிருந்து விரலளவுக் குஞ்சுகளைப் பாலித்தீன் பையில் கொண்டு வருகிறோம். வழியில் அவை அலைக்கழிந்திருக்கும், செதில் உதிர்ந்திருக்கும், சில நோயுற்றிருக்கும். வந்த மறுநாளே சோதனை தொடங்கினால் எது நஞ்சால் செத்தது, எது பயணத்தால் செத்தது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே ஆய்வுக்கூட நீரில் அவற்றைப் பழக்க வேண்டும். 1992ஆம் ஆண்டின் வழிமுறை குறைந்தது 12 நாள் என்கிறது. தவிடும் கடலைப் புண்ணாக்கும் தந்து, நாள்தோறும் கழிவை அகற்றிப் பார்த்துவர வேண்டும். பழகும் காலத்தில் ஒரு வாரத்தில் நூற்றுக்கு 10க்கு மேல் இறந்தால் அந்தக் கூட்டத்தையே ஒதுக்கிவிட வேண்டும். 5க்குக் குறைவாக இறந்தால் ஏற்கலாம். இடைப்பட்டதாயின் மேலும் ஒரு வாரம் பழக்குவர்.

அடுத்தது நீர். நாம் குடிக்கும் குழாய் நீர் மீனுக்கு நஞ்சாகும் என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். குடிநீரில் கிருமியை ஒழிக்கக் குளோரின் சேர்க்கின்றனர். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சிறு அளவு நமக்குப் பாதுகாப்பு. மீனின் செவுளுக்கோ அது தீ. நீரைத் திறந்த தொட்டியில் ஓரிரு நாள் வைத்திருந்தோ, சோடியம் தயோசல்ஃபேட் சிறிது சேர்த்தோ குளோரினைப் போக்கிய பின்னரே மீனை விடலாம்.

எத்தனை மீன், எத்தனை நீர் என்பதும் கவனிக்கத்தக்கது. லிட்டருக்கு 1 கிராம் மீன் என்பது நெடுங்காலமாக வழங்கும் கணக்கு. 3 கிராம் எடையுள்ள 10 குஞ்சுகளுக்கு 30 லிட்டர் நீர் வேண்டும். இட நெருக்கடியால் 10 லிட்டர் தொட்டியில் பத்து மீன்களையும் அடைத்து வைப்பவர் உண்டு. 15 டிகிரி குளிர்ந்த நீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். நம் ஊர் 30 டிகிரி நீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமைத்தான் தாங்கும். நீர் தாங்கக்கூடிய ஆக்சிஜனில் 60 சதவிகிதமாவது சோதனை முடியும்வரை இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது 4.5 மில்லிகிராம். நெருக்கமான தொட்டியில் இரண்டாம் நாளே இது குறைந்துவிடும். அப்போது மீனைக் கொன்றது மருந்தா, மூச்சு முட்டலா? கட்டுரையின் தொடக்கத்தில் ஊராரும் ஆலையாரும் ஆற்றங்கரையில் போட்ட வழக்கே தொட்டிக்குள்ளும் வந்துவிடுகிறது.

இந்த வழக்கைத் தீர்க்கத்தான் கண்ட்ரோல் தொட்டி. அதே நீர், அதே எண்ணிக்கை மீன், அதே வெளிச்சம். நஞ்சு மட்டும் இல்லை. அதில் பத்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் முழுச் சோதனையும் செல்லாது. மருந்து நீரில் கரையாமல் அசெட்டோனில் கரைத்துச் சேர்த்திருந்தால், அசெட்டோன் மட்டும் கலந்த இரண்டாவது கண்ட்ரோலும் வேண்டும். ஓர் ஆய்வேடு என் கைக்கு வரும்போது நான் முதலில் பார்ப்பது எல்.சி. 50 எண்ணை அன்று; கண்ட்ரோலில் எத்தனை மீன் செத்தன என்ற வரியையே. அந்த வரியே இல்லாத ஏடுகளும் உண்டு.

நான்கு நாள்கள்

முதலில் செறிவை இடைவெளி விட்டு, 0.1, 1, 10, 100 மில்லிகிராம் என வைத்து ஓர் ஒத்திகை பார்ப்பர். எங்கே எல்லாம் பிழைக்கின்றன, எங்கே எல்லாம் சாகின்றன என்பது அதில் தெரியும். அந்த இடைவெளிக்குள் குறைந்தது ஐந்து செறிவுகளைப் பெருக்கல் தொடரில் அமைத்து உண்மைச் சோதனையைத் தொடங்குவர். 1.0, 1.8, 3.2, 5.6, 10 என்ற தொடர் நெடுநாளாக வழக்கில் உள்ளது. கூட்டல் தொடராக வைக்காததற்குக் காரணம், உயிர்கள் நஞ்சுக்கு ஈடுகொடுப்பது பெருக்கல் கணக்கில் நிகழ்வதே. ஒன்றிலிருந்து இரண்டாவதும் ஐந்திலிருந்து பத்தாவதும் மீனுக்கு ஒரே அளவு ஏற்றம்.

சோதனைக்கு 24 மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடுவர். சோதனை முடியும்வரை உணவில்லை. உணவிட்டால் கழிவு சேரும். கழிவிலிருந்து அம்மோனியா வரும். நீரை மாற்றாமலே வைப்பது ஒரு முறை. நாள்தோறும் புதுக் கரைசல் மாற்றுவது மற்றொன்று. இடைவிடாமல் புதுக் கரைசல் சொட்டி ஓடிக்கொண்டே இருப்பது மூன்றாவது. விலை மிகுந்ததும் சிறந்ததும் அதுவே. மருந்து விரைவில் சிதைவதாயினும், ஆவியாவதாயினும், கண்ணாடியில் ஒட்டிக்கொள்வதாயினும் முதல் முறை பயன்படாது. காலையில் 5 மில்லிகிராம் கலந்தோம் என்பதால் மாலையிலும் 5 இருக்கிறது என்று கொள்ள முடியாது. கலந்த அளவில் 80 சதவிகிதத்துக்குக் குறையாமல் நீரில் நிற்கிறதா என்று வேதியியல் முறையில் அளந்து பார்க்க வேண்டும். இயலாதபோது ‘கலந்த அளவு’ என்றாவது வெளிப்படையாக எழுத வேண்டும்.

24, 48, 72, 96 மணி நேரங்களில் மீன்களைப் பார்த்துக் குறிப்பர். செவுள் மூடி அசையவில்லை, வாலின் அடியைக் கண்ணாடிக் குச்சியால் மெல்லத் தொட்டாலும் அசைவில்லை என்றால் இறந்ததாகக் கொண்டு உடனே அகற்றுவர். ஆனால் சாவு மட்டும் குறிப்பு அன்று. கரிமப் பாஸ்பரஸ் மருந்தில் மீன் முதலில் துள்ளி விரைந்து நீந்தும், பின்பு உடல் துடிக்கும். நரம்புச் செய்தியை நிறுத்த வேண்டிய நொதியை மருந்து முடக்கிவிடுவதே காரணம். செவுள் கெட்டால் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நிறம் கருக்கும், கோழை வழியும், நிலை தவறிப் பக்கவாட்டில் சாயும். நல்ல மாணவரின் நோட்டில் இந்தக் குறிப்புகள் எண்களைவிட மிகுதியாக இருக்கும். 2019ஆம் ஆண்டின் திருத்தமும் இவ்வறிகுறிகளுக்கு முன்னிலும் மிகுந்த இடம் தந்துள்ளது.

ஏன் 96 மணி நேரம்? பல நஞ்சுகள் அதற்குள் தம் உடனடிக் கொடுமையைக் காட்டிவிடுகின்றன என்பது ஒரு விடை. திங்கட்கிழமை காலை தொடங்கினால் வெள்ளிக்கிழமை காலை முடிந்துவிடும் என்பதையும் மறப்பதற்கில்லை. இயற்கையில் 96க்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை.

கணக்கு

கற்பனையாக ஒரு விடையை எடுத்துக்கொள்வோம். தொட்டிக்குப் பத்து மீன். 1.0 மில்லிகிராமில் ஒன்று, 1.8இல் மூன்று, 3.2இல் ஆறு, 5.6இல் ஒன்பது, 10இல் பத்தும் இறந்தன. இறப்பை அப்படியே வரைபடத்தாளில் குறித்தால் கோடு ‘எஸ்’ வடிவில் வளையும். வளைகோட்டில் ஐம்பதைத் தேடுவது கண்ணுக்குத் தக்கபடி மாறும். 1934இல் பிளிஸ் என்பவர் சதவிகிதத்தைப் ‘புரோபிட்’ என்னும் அலகாக மாற்றி அந்த வளைவை நேர்கோடாக்கினார். 1947இல் ஃபின்னி அதை விரிவாக நூலாக்கினார். அட்டவணையில் 10 சதவிகிதத்துக்கு 3.72, 30க்கு 4.48, 50க்கு 5.00, 60க்கு 5.25, 90க்கு 6.28 என்று காணலாம். செறிவின் மடக்கையைக் கிடையாகவும் புரோபிட்டை நெடுக்கையாகவும் குறித்துக் கோடு போட்டு, 5.00 வரும் இடத்தில் கீழே இறங்கினால் நம் எடுத்துக்காட்டில் சுமார் 2.5 மில்லிகிராம் கிடைக்கும். 100 சதவிகிதத்துக்குப் புரோபிட் கிடையாது. ஆகவே கடைசித் தொட்டியைக் கோட்டில் சேர்க்கவில்லை.

மாணவர்கள் இத்தோடு பேனாவை மூடிவிடுகின்றனர். கோட்டின் சரிவைப் பார்ப்பவர் சிலரே. இரண்டு மருந்துகளுக்கும் எல்.சி. 50 சரியாக 2.5 என்றே இருக்கலாம். ஒன்றின் கோடு செங்குத்தாக நிற்கிறது. 2 மில்லிகிராமில் எல்லா மீனும் பிழைக்கும், 3 மில்லிகிராமில் எல்லாம் செத்துவிடும். மற்றொன்று சாய்வாகப் படுத்திருக்கிறது, 0.3 மில்லிகிராமிலேயே சில மீன்கள் சாகும், 20லும் சில பிழைக்கும். முதலாவதில் அளவு சற்றே மீறினாலும் பேரழிவு. இரண்டாவதில் மிகக் குறைந்த அளவும் பாதுகாப்பன்று. எல்.சி. 50 என்ற ஒற்றை எண் இவ்விரண்டையும் ஒன்றாகவே காட்டும். சரிவும், எண்ணின் இருபுறப் பிழை எல்லைகளும் தரப்படாத எல்.சி. 50 பாதி விடைதான்.

எந்த மீன், எந்த நீர்?

இந்த எண் மருந்தின் குணம் என்று பலர் எண்ணுகின்றனர். உருகுநிலையைப் போல, கொதிநிலையைப் போல அதை அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கருதுகின்றனர். அது தவறு. மருந்து, மீன், நீர் மூன்றும் கூடிய இடத்தில் பிறக்கும் எண் இது.

செம்புச் சல்ஃபேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மென்னீரில் மீனைக் கொல்லும் அளவு கடின நீரில் கொல்லாமல் போகலாம். கடின நீரில் மிகுந்துள்ள கால்சியம் செவுளில் செம்பு சென்று பற்ற வேண்டிய இடங்களைத் தானே பிடித்துக்கொள்கிறது. அம்மோனியாவின் கதை இன்னும் வியப்பானது. 25 டிகிரி நீரில் பி.எச். 7 ஆக இருந்தால் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 0.6 சதவிகிதமே கொடிய வடிவில் இருக்கும், பி.எச். 8இல் 5 சதவிகிதத்துக்கு மேல். 9இல் 36 சதவிகிதம் வரை. கலந்த பொருள் ஒன்றே, அளவும் ஒன்றே. ஏரியில் பாசி மிகுந்து பிற்பகலில் பி.எச். ஏறும்போது காலையில் வாழ்ந்த மீன் மாலையில் சாகலாம்.

புட்டியில் விற்பனைக்கு வரும் மருந்து தனிப்பொருள் அன்று என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. களைக்கொல்லியான கிளைபோசேட்டைப் பற்றி 1979இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு, இலையில் ஒட்டுவதற்காகச் சேர்த்திருந்த சோப்புப் போன்ற துணைப்பொருளே மீனுக்கு மருந்தைவிடக் கொடியது என்று காட்டியது. தூய மருந்தைச் சோதித்து வந்த எண் வயலில் தெளிக்கும் புட்டிக்குப் பொருந்தாது.

மீன் வகையோ அனைத்திலும் பெரிய வேறுபாட்டைத் தருவது. நம் குளங்களின் விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் காற்றையும் நேரே சுவாசிக்க வல்லவை. செவுள் பாதி கெட்டாலும் நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிச் சமாளிக்கும். கெண்டைக் குஞ்சுக்கு அந்த வழி இல்லை. 1952இல் நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ஊரார் மொழியில் ஜிலேபி கெண்டை, சாக்கடை நீரிலும் பெருகக் கூடியது. அதன் எண்ணைக் கொண்டு அயிரைக்குப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது? அவ்வாறே, உலக நூல்களில் மிகுதியாகக் காணப்படும் வானவில் டிரௌட் எண்கள் 15 டிகிரியை ஒட்டிய குளிர்நீரில் பெறப்பட்டவை. நஞ்செய் வாய்க்காலில் சித்திரை வெயிலில் நீந்தும் மீனுக்கு அவற்றை அப்படியே எடுத்தாளல் ஆகாது.

அமெரிக்காவின் வட மேற்குக் கரையில் சியாட்டில் நகரை ஒட்டிய ஓடைகளில் பல ஆண்டுகளாக ஒரு புதிர் இருந்து வந்தது. மழை பெய்து சாலை நீர் ஓடையில் கலந்ததும், முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்கள் சில மணி நேரத்தில் சுழன்று சுழன்று செத்தன. அதே நீரில் சம் சால்மன் என்னும் நெருங்கிய உறவு மீனுக்கு ஒன்றும் நேரவில்லை. சாலை நீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் மீனை விட்டுச் சோதித்து, எது கொல்கிறதோ அதை மேலும் பிரித்து, இறுதியில் 2020 டிசம்பரில் காரணத்தை வெளியிட்டனர். வண்டி டயர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் 6பி.பி.டி. என்ற பொருள் காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து மாறிய குயினோன் அது. தொட்டியும் மீனும் இல்லாதிருந்தால் ஆயிரக்கணக்கான பொருள்களின் நடுவே அதைக் கண்டிருக்க முடியாது. எல்.சி. 50 லிட்டருக்கு ஏறத்தாழ 0.8 மைக்ரோகிராம் என்று முதலில் கூறினர். 2022இல் தூய பொருளைக் கொண்டு மீண்டும் அளந்தபோது அது 0.095 மைக்ரோகிராம் ஆயிற்று. முன்னதில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரே குழுவினர், ஒரே மீன். அளவுகோலாக வைத்த பொருளின் தூய்மை மாறியதும் எண் மாறிவிட்டது.

சட்டத்தில் மீன்

நம் நாட்டில் இச்சோதனை ஆய்வுக்கூடத்தோடு நிற்பதன்று. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில், ஆலைகள் வெளியேற்றும் கழிவுநீருக்கான பொதுத் தரங்களுள் உயிரிச் சோதனையும் ஒன்று. நீர் கலக்காத முழுக் கழிவில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 சதவிகித மீன்கள் உயிருடன் இருக்க வேண்டும் என்கிறது அது. இது நல்ல விதி என்பதே என் கருத்து. ஈயம் இவ்வளவு, குரோமியம் இவ்வளவு என்று பட்டியல் போட்டு அளந்தாலும் பட்டியலில் இல்லாத பொருள் தப்பிவிடும். பல பொருள்கள் கூடிச் செய்யும் கேடும் தப்பிவிடும். மீன் பட்டியல் பார்ப்பதில்லை. இந்தியத் தரமான ஐ.எஸ். 6582இன் 2001ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் பகுதி வரிமீனைக் கொண்டு இச்சோதனையைச் செய்யும் முறையைக் கூறுகிறது. மீனைப் பெயர் சொல்லிக் குறித்தது முக்கியம். எந்த மீனாயினும் ஆகலாம் என்று விட்டால், தேளியை வைத்து எந்தக் கழிவுக்கும் தேர்ச்சி வாங்கிவிடலாம்.

ஆனால் பத்தில் ஒன்பது பிழைத்தன என்பது நீர் நல்லது என்பதற்குச் சான்றாகாது. அது அன்றைய கழிவு அந்த நான்கு நாளில் கொல்லவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகளுள் 260ஆம் எண் ஏரியில், கருத்தடை மாத்திரையில் உள்ள எதினைல் எஸ்ட்ரடையாலை 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் சேர்த்தனர். லிட்டருக்கு 5 அல்லது 6 நானோகிராம். ஒரு நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. நான்கு நாள் சோதனையில் அந்த அளவில் ஒரு மீனும் சாகாது. ஏரியிலும் அவை செத்து மிதக்கவில்லை. ஆண் மீன்களின் உடலில் முட்டைக்குரிய புரதம் தோன்றியது. விந்துச் சுரப்பி கெட்டது. குஞ்சு பொரிப்பது நின்றது. ஃபேட்ஹெட் மின்னோ என்னும் அந்தச் சிறு மீன் ஏரியிலிருந்து ஏறத்தாழ அற்றுப்போயிற்று. பொருளைச் சேர்ப்பதை நிறுத்திய சில ஆண்டுகளுக்குப் பிறகே அது மீண்டது. ஜப்பானின் நிகாட்டா மாவட்டத்தில் 1965இல் வெளிப்பட்ட பாதரச நோயோ மனிதரையே தாக்கியது. அகானோ ஆற்றில் உயிரோடு பிடித்த மீனை உண்டவர்களே நோயுற்றனர். மீன் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருந்தது.

இக்குறையை அறிந்தே, எல்.சி. 50ஐ அப்படியே பாதுகாப்பு எல்லையாகக் கொள்ளாமல் வகுத்துக் குறைப்பர். பழைய நூல்களில் நூறால் வகுப்பதைக் காணலாம். குறுகிய கால எண்களைத் தவிர வேறு சான்று இல்லாதபோது ஐரோப்பிய நாடுகளில் ஆயிரத்தால் வகுக்கின்றனர். ஆயிரம் என்பது அறிவு அன்று. அறியாமைக்கு விட்டுவைத்த இடைவெளி.

மீனின் உயிர்

ஒரு முழுச் சோதனைக்கு ஐந்து செறிவும் ஒரு கண்ட்ரோலுமாகத் தொட்டிக்குப் பத்து என 60 மீன் வேண்டும்; ஒத்திகைக்கு மேலும் சில. மும்முறை செய்தால் இருநூறை நெருங்கும். முன்பே பலர் அளந்த மருந்தை, முன்பே அளந்த மீனில், நீரின் கடினத்தையும் பி.எச். எண்ணையும் குறிக்காமல் மீண்டும் ஒருமுறை அளந்து ஏடு கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பட்டம் கிடைக்கும், யாருக்கும் பயன்படாத எண் ஒன்று கூடும், இருநூறு மீன் போகும். எவரும் அளக்காத நம் ஊர் மீன், அல்லது நம் ஊர் நீரின் தன்மை என்று ஒரு புதுக் கேள்வியாவது இருக்க வேண்டும்.

மீனைக் குறைக்கும் வழிகளும் வந்துள்ளன. பாசியிலும் நீர்ப்பூச்சியான டாஃப்னியாவிலும் முதலில் சோதித்து, அவற்றுள் நலிந்ததைப் பாதிக்கும் அளவை மட்டும் மீனிடம் ஒருமுறை பார்ப்பது ஒரு வழி. அந்த அளவில் மீன் சாகாவிட்டால் முழுச் சோதனை வேண்டியதில்லை. டிரௌட் மீனின் செவுள் உயிரணுக்களைத் தட்டில் வளர்த்துச் சோதிக்கும் முறை 2021இல் 249ஆம் எண் வழிமுறையாக ஏற்கப்பட்டது. ஜெர்மனியில் கழிவுநீருக்கு 2005 முதல் மீனுக்குப் பதில் மீன் முட்டையே சட்டப்படிச் சோதனைப் பொருள்.

நம் போன்ற கல்லூரிகளின் கைக்கு எட்டுவது இந்த முட்டைச் சோதனையே. 2013இல் வந்த 236ஆம் எண் வழிமுறை இதை விளக்குகிறது. வேண்டிய வரிமீன் கங்கைச் சமவெளியைச் சேர்ந்த நம் நாட்டு மீன்; 1822இல் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றிய தம் நூலில் முதலில் வருணித்தது. அலங்கார மீன் கடைகளில் எளிதில் கிடைக்கும். மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரு தொட்டியில் விட்டு, மறுநாள் காலை விளக்கைப் போட்டதும் முட்டையிடும். தாய் மீனே முட்டைகளைத் தின்றுவிடாதபடி அடியில் வலை அல்லது கோலிக்குண்டுகளைப் பரப்பி வைக்க வேண்டும். கருவுற்ற முட்டைகளைச் செறிவுக்கு 20 வீதம் சிறு குழிகளுள்ள தட்டில் ஒவ்வொன்றாக இட்டு, 26 டிகிரியில் 96 மணி நேரம் வைப்பர். பெரிய மூலக்கூறுகள் முட்டையின் உறைக்குள் நுழையாமல் நின்றுவிடுவதும், சில நரம்பு நஞ்சுகள் கருவில் தம் கொடுமையை முழுதும் காட்டாததும் இம்முறையின் குறைகள். முட்டை வெள்ளையாக உறைந்துபோதல், உடற்கண்டங்கள் தோன்றாமை, வால் கருவுணவிலிருந்து பிரியாமை, இதயம் துடிக்காமை ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் அதை இறப்பாகக் கணக்கிடுவர். நம் ஆய்வுக்கூடத்துச் சாதாரண நுண்ணோக்கியிலேயே இவை நான்கும் தெரியும். 48ஆம் மணியில் பார்த்தால் கண்ணாடிபோன்ற அவ்வுடலுக்குள் இதயம் துடிப்பதை எண்ணவும் முடியும்.